திரும்பாத சாவி

சாவி உள்ளே போனது. திரும்பத்தான் மறுத்தது.

கிடங்கு மேலாளர் பெட்டியைக் கீழே வைத்தார். சாவியை வெளியே எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி செருகினார். நல்ல பிள்ளை மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வலப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம் திருப்பினார், கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினார். அசையவில்லை.

வேறு சாவியைப் போட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவருக்கு வராது. கொத்தில் எது எந்த அறையுடையது என்று விரலால் தடவியே சொல்லக்கூடியவர். வேலை செய்கிற இடத்தில் அவருக்குக் கொத்துச்சாவி என்றுதான் பெயர். இடுப்பில் தொங்கும் கொத்தின் சத்தம் தூரத்தில் கேட்டதுமே ஊழியர்கள் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு அட்டைப்பெட்டிகளைத் தூக்க ஆரம்பிப்பார்கள். தேயிலைத் தூள் வைத்திருக்கும் அலமாரிக்குக்கூடப் பூட்டுப் போட்டிருந்தார். கழிவறைச் சாவியோடு முழ நீளத்துக்கு ஒரு கட்டையைக் கட்டிவிட்டிருந்தார், யாரும் மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாதென்று. அவர் பொறுப்பேற்ற பிறகு அந்தக் கிடங்கில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. ஆட்கள்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படிப்பட்டவர் தன் வீட்டு வாசலில், நல்ல பகல் வேளையில், பெட்டியும் கையுமாக நின்றார்.

அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே மணி அடிப்பது நன்றாகக் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தட்டி, "இந்தாம்மா, நான்தான்" என்றார். காலடிச் சத்தம் இல்லை. குளிக்கிறாளாக்கும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தூங்குகிறாளாக்கும் என்று நினைத்தார். அவர் ஊரிலிருந்து திரும்பும் நாளில் அவள் தூங்கினதாக நினைவில்லை.

எதிர்வீட்டுக் கதவுதான் திறந்தது. அங்கே ஒரு தையல்காரி குடியிருந்தாள். கழுத்தில் அளவு நாடா, புடவையெங்கும் நூல் துணுக்கு. மேலாளருக்கு அவளைப் பிடிக்காது. வாய் நீளம், வந்தவர் போனவரோடெல்லாம் பேச்சு, நம் வீட்டு விஷயம் அவள் காதுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருந்தார். மனைவியும் சரி என்றிருந்தாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் ரகம். அதுதான் இந்தக் குடும்பத்தின் அமைதிக்குக் காரணம் என்பது மேலாளரின் கருத்து.

"என்ன சார், ஊர்லேருந்து வந்தாச்சா?" என்றாள் தையல்காரி.

வந்தாகிவிட்டது என்றும், பூட்டு கொஞ்சம் மக்கர் செய்கிறது என்றும் மேலாளர் சொன்னார்.

"அக்கா உள்ளதானே இருக்காங்க? அவங்களையே திறக்கச் சொல்லலாமே."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை எதிர்வீட்டுக்காரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவள் அசந்து தூங்குகிறாள், எதற்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். தையல்காரி மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

ஒரு சொட்டு விடவேண்டிய இடத்தில் மேலாளர் தாராளமாக விட்டார். எண்ணெய் சாவித் துவாரத்தில் நிரம்பி, கதவில் வழிந்து, அவருடைய கால்சட்டைக்கு வந்து சேர்ந்தது. சாவி முன்னைவிடச் சுகமாக உள்ளே போனது. திரும்பவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. ஊரிலேயே நல்ல பூட்டு எது என்று நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய பூட்டு அது. உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டுத்தான் திறக்கமுடியும். வெறுமனே கைப்பிடியைத் திருப்பித் திறக்கிற வேலையெல்லாம் அதனிடம் நடக்காது. கடைக்காரர் அதைச் சொன்னபோதே இதுதான் என் பூட்டு என்று முடிவுசெய்தவர். இப்போது அதுவே அவரிடம் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

தையல்காரியிடம் குறடு இருந்தது. சாவியின் தலையைக் குறட்டால் கவ்விப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு திருகு திருகினார். திரும்பியது. அப்பாடா என்று நிமிர்ந்தவர் குறட்டைப் பார்த்தார். சாவியின் தலை அதன் வாயில் இருந்தது. மீதி, பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

"போச்சா சார்?" என்றாள் தையல்காரி.

மேலாளர் சாவியின் தலையைக் குறட்டிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டார். கைபேசியை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் அதையே சொன்னது. இவளுக்குப் பொறுப்பே கிடையாது என்று வாய்விட்டே முணுமுணுத்துக்கொண்டு மூன்றாவது முறை அழுத்தப் போனபோதுதான் நினைவு வந்தது. அவளுடைய கைபேசி அவருடைய பெட்டியில்தான் இருந்தது. கண்ணாடி கீறல் விட்டிருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மாற்றவும் இல்லை.

மாடிப்படிச் சுவரில், எந்தப் பூட்டானாலும் எந்த நேரமானாலும் திறந்துதரப்படும் என்று ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. பொதுச் சுவரில் இப்படி ஒட்டுகிறார்களே என்று அதைப் பாதி கிழித்தவர் அவர்தான். நல்லவேளையாக எண் இருந்த பாதி மிஞ்சியிருந்தது. கூப்பிட்டார்.

வந்த ஆள் ஒல்லியாக இருந்தான். தோளில் துளைபோடும் கருவி. கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி, "உள்ள நாய் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றதும் தையல்காரி வீட்டில் மின் இணைப்புக் கேட்டு வாங்கி, பித்தளைக் கைப்பிடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டான். கருவியின் முனையைப் பூட்டின் வயிற்றில் வைத்து ஒருமுறை அலறவிட்டான்.

மேலாளருக்கு அப்போது ஒன்று உறைத்தது.

"ஏம்ப்பா, இது யார் வீடுன்னு நீ கேக்கவே இல்லையே."

"உங்க வீடுதானே சார்?"

"இல்லேன்னு வெச்சுக்க."

"இல்லேன்னா எனக்கு என்ன சார்? நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன்."

மேலாளர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கு வேறு யாராவது கூப்பிட்டாலும் இவன் இதே மாதிரி வருவான், இதே வாசலில் நின்று, நாய் இருக்கா என்று கேட்டுவிட்டுத் துளை போடுவான். இவனை வீட்டு வாசல்வரை கூட்டிவந்து பூட்டின் வகை, கதவின் கனம், நாயின்மை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது தானேதான். அவர் அவனுடைய அடையாள அட்டையைக் கேட்டார். கடை எங்கே என்று கேட்டார். கேள்விகளின் தொனி கிடங்கில் கேட்கிற தொனியாக மாறியது. அவனும் சளைத்தவன் இல்லை. வாய் தடித்தது. கடைசியில், சந்தேகப்படறவங்க வீட்டில் எனக்கு வேலை வேண்டாம் என்று கருவியைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் பித்தளைக் கைப்பிடியும் அவன் பையோடு போய்விட்டது தெரிந்தது.

இப்போது கதவில் கைப்பிடி இல்லை. பூட்டில் பாதிச் சாவி இருந்தது. எண்ணெய் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

இத்தனை சத்தத்துக்குப் பிறகும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரவில்லை. மேலாளர் அதை இதுவரை நினைக்காமல் தள்ளிவைத்திருந்தார். இனித் தள்ள இடம் இல்லை. துளைபோடும் கருவி அலறியபோது எந்தத் தூக்கமும் கலைந்திருக்கும்.

சமையலறை ஜன்னல் நடைபாதைப் பக்கம்தான் இருந்தது. கொஞ்சம் உயரம். பெட்டியை நிமிர்த்திவைத்து அதன்மேல் ஏறினார். ஜன்னலுக்குக் கனமான இரும்புக் கம்பிகள். வழக்கமான இடைவெளி போதாது, நெருக்கமாக வேண்டும் என்று பட்டறையில் பக்கத்தில் நின்று செய்துவாங்கியது. கம்பிக்குப் பின்னால் திரை. உள்ளே கையை விட்டு, திரையை ஒதுக்கிப் பார்த்தார்.

அடுப்பு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. மேடையில் ஒரு துளி ஈரம் இல்லை. நீண்ட நாள் வரமாட்டோம் என்று தெரிந்தவர்கள் ஒழுங்குபடுத்தி வைத்த மாதிரி இருந்தது. மேலாளர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான புதிதுக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் உரக்கச் சொன்னது அன்றுதான். குரல் சமையலறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரிடமே வந்தது.

அந்த நேரம் பார்த்துக் காலடியில் பெட்டி நசுங்கியது.

கால் கீழே போனது. கை மட்டும் கம்பிகளுக்கிடையே முழங்கைவரை போய் மாட்டிக்கொண்டது. கால் விரல் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்க, மேலாளர் தன் வீட்டு ஜன்னலிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல நின்றார். மாடிவீட்டுக் கணவனும் மனைவியும் சத்தம் கேட்டு இறங்கிவந்தார்கள். கணவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். மனைவி, மெதுவா மெதுவா என்றாள். தையல்காரி குப்பியோடு வந்து, பதற்றமே இல்லாமல், இயந்திரத்துக்கு விடுவதுபோல முழங்கையைச் சுற்றி எண்ணெய் விட்டாள். இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று அந்த வேதனையிலும் மேலாளர் நினைத்தார். எதிர்வீட்டில் ஒருத்தி பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறாளோ என்னவோ, இவள் எண்ணெய் விடுகிற நிதானத்தைப் பார்.

கை வெளியே வந்தது. சட்டையின் ஒரு கை உள்ளேயே தங்கிவிட்டது.

மாடிவீட்டுக்காரன் காவல்துறைக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று மேலாளர் சட்டென்று சொன்னார். சொன்ன வேகத்தில் அவன் புருவம் உயர்ந்தது. அவசரப்பட வேண்டாம், ஒருவேளை தம்பி வீட்டுக்குப் போயிருப்பாள், விசாரித்துப் பார்க்கிறேன் என்று மேலாளர் சமாளித்தார். போயிருக்க வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது செய்தாக வேண்டும். மைத்துனனைக் கூப்பிட்டார். இரண்டு கையும் எண்ணெய். கைபேசி காதில் நிற்காமல் வழுக்கியது. அதை ஜன்னல் விளிம்பில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

அக்கா அங்கே வரவில்லை என்றான் மைத்துனன். அவள் அங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே என்றான். என்ன நடந்தது என்று கேட்டு, மேலாளர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அக்காகிட்ட ஒரு சாவி இருக்கும்ல அத்தான்?"

மேலாளர் ஒலிபெருக்கியை அணைக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது.

"அத்தான், கேக்குதா? அக்காகிட்ட ஒரு சாவி இருக்கணுமே."

"இருந்துச்சு. நான்தான் வாங்கி வெச்சிருக்கேன். பாதுகாப்புக்கு."

தையல்காரி எண்ணெய்க் குப்பியை மூடினாள்.

"அப்படின்னா நீங்க ஊருக்குக் கிளம்பினப்போ..."

"மளிகை, காய்கறி எல்லாம் வாங்கி வெச்சுட்டுத்தான் கிளம்பினேன். ஒண்ணுக்கும் குறை இல்லை. காலம் கெட்டுக் கிடக்குது தம்பி, உனக்குத் தெரியாததில்ல."

மாடிவீட்டுக்காரி கணவனின் கையைப் பிடித்து ஓர் அடி பின்னால் இழுத்தாள். அவன் மேலாளரின் இடுப்பைத் தாங்கிப் பிடித்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். மைத்துனன் குரல் தணிந்துபோய் வந்தது. இப்போதே கிளம்புகிறேன் என்றான். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன், நான் வரும்போது கதவு திறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் காவல்துறையைக் கூப்பிட நான் யாரையும் கேட்கமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டான். தையல்காரி தன் வீட்டுக்குள் போய் யாரிடமோ அடங்கிய குரலில் ஃபோனில் பேசுவது கேட்டது. ஊர் பூராவும் சொல்லி முடித்துவிடுவாள் என்று மேலாளர் நினைத்தார். மாடிவீட்டுக்காரர்கள் மேலே ஏறிப்போனார்கள்.

மேலாளர் நசுங்கிய பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

கிளம்பிய காலையில் அவள் இந்த நிலைப்படிக்கு உட்பக்கம் நின்றிருந்தாள். அவர் வெளியே நின்று சாவியைச் செருகும்போது, கதவு மூடுவதற்குள், திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வது என்று கேட்டாள். என்ன ஆகப்போகிறது என்று அவர் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பூட்டிவிட்டு வழக்கம்போல ஒருமுறை தள்ளிப் பார்த்தார். உறுதியாக நின்றது. அந்த உறுதி அவருக்குப் பேருந்து ஏறும்வரை ஒரு நிம்மதியைக் கொடுத்துக்கொண்டே வந்தது.

என்னென்ன ஆகலாம் என்று இப்போது வரிசையாகத் தெரிந்தது. குளியலறைத் தரை வழுக்கும், பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அடுப்பின் எரிவாயுக் குழாயில் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மார்பில் அவ்வப்போது ஒரு பிடிப்பு வருகிறது என்றும் ஒருமுறை சொன்னாள். வாயுவாக இருக்கும் என்று அவர் சொன்னார். சரி என்றாள்.

எழுந்து போய் இரண்டு கையாலும் கதவை அறைந்தார். "ஏதாவது சொல்லும்மா. இருக்கேன்னு மட்டும் சொல்லு" என்றார். கிடங்கில் யாராவது அப்போது அவரைப் பார்த்திருந்தால் வேறு யாரோ என்று கடந்து போயிருப்பார்கள். கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நெற்றியிலும் எண்ணெய் ஒட்டியது.

தையல்காரி வெளியே வந்து ஒரு செம்பில் தண்ணீர் நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் வாங்கிய முதல் தண்ணீர். குடித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்து நல்ல பூட்டுக்காரர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்.

தையல்காரி செம்பை வாங்கிக்கொண்டாள். கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பட்டவரா வேணும் சார்?"

அந்த நிலைமையிலும் மேலாளருக்குள் இருந்த மேலாளர் விழித்துக்கொண்டார். நிலையான கடை இருக்கவேண்டும் என்றார். வந்ததும் வராததுமாகத் துளை போடுகிறவராக இருக்கக்கூடாது. யார் வீடு, கேட்கிறவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். இங்கே பார்த்ததை வெளியே போய்ச் சொல்லக்கூடாது. மாற்றுச் சாவி செய்து வைத்துக்கொள்ளக்கூடாது. பிறகு யார் வந்து கெஞ்சினாலும் மிரட்டினாலும் இந்தக் கதவுப் பக்கம் வரக்கூடாது.

"மொத்தத்துல நம்பிக்கையான ஆளா இருக்கணும்" என்று முடித்தார்.

"ஒருத்தர் இருக்கார்" என்றாள் தையல்காரி. "பேருந்து நிலையம் பக்கத்துல கடை. சொன்ன சொல் மாறமாட்டார்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். வரச் சொல்லட்டா?"

கையெடுத்துக் கும்பிடாத குறையாக மேலாளர் வரச் சொன்னார்.

பூட்டுக்கடைக்காரர் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. பருத்த உடம்பு. படியேறிய களைப்பில் கடைசிப் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தையல்காரியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையை லேசாக ஆட்டினாள். பிறகு மேலாளரைப் பார்த்தார். ஒரு சட்டைக்கை இல்லை, உடம்பெல்லாம் எண்ணெய், கையில் சாவியின் தலை மட்டும்.

நீங்கள் யார் என்று கேட்டார். இந்த வீட்டுக்காரர் என்றார் மேலாளர். அதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். மேலாளருக்கு அந்த அவசரத்திலும் உள்ளம் குளிர்ந்தது. இவரல்லவா ஆள். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் அதிலிருந்த முகவரியைப் பொறுமையாகப் படித்தார், கதவு எண்ணோடு ஒப்பிட்டார்.

"வீடு உங்க பேர்லதான் இருக்கா சார்?"

"வீட்டம்மா பேர்ல. மாமனார் எழுதி வெச்சது. அது சும்மா பேருக்கு, பார்த்துக்கறதெல்லாம் நான்தான்."

கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கைப்பிடி இருந்த இடத்து ஓட்டையையும், எண்ணெய் வழிந்த கோட்டையும், பூட்டின் வயிற்றில் இருந்த கீறலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடிபட்ட பிள்ளையைத் தடவுவதுபோல இருந்தது. பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். பூட்டுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ தேடினார். சிறிது நேரத்தில் உடைந்த பாதிச் சாவி வெளியே வந்தது. அதைத் துணியில் துடைத்து மேலாளரின் உள்ளங்கையில் வைத்தார்.

பாதி வேலை முடிந்துவிட்டது என்று மேலாளர் நினைத்தார். உங்களை இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்றார். வந்ததுமே உங்களைக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கோலமே இல்லை, நம்பி ஒரு வேலையைக் கொடுக்க இந்த ஊரில் ஆளே இல்லை என்று புலம்பினார். நம்பிக்கை என்ற சொல்லை மூச்சுக்கு மூச்சு சொன்னார். கடைக்காரருக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலை மடக்கிக் கதவை மெதுவாகத் தட்டினார்.

"அம்மா, பூட்டுக்கடைக்காரன் வந்திருக்கேன். நல்லா இருக்கீங்களா?"

மேலாளர் காதைக் கதவில் வைத்தார்.

"நல்லா இருக்கேண்ணே" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது. தூக்கக் கலக்கம் இல்லை, நோவு இல்லை, நடுக்கமும் இல்லை.

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறாள். வேறொன்றும் அவர் மண்டையில் ஏறவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கப் போய் எண்ணெய் கண்ணில் ஏறி இன்னும் கொட்டியது. பாய் வாங்கிப்போடுகிறேன், குழாயை மாற்றுகிறேன், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். உள்ளேயிருந்து பதில் இல்லை. எப்போதும் வருகிற அந்தச் சரிகூட இல்லை.

"திறங்கண்ணே" என்றார் கடைக்காரரிடம். அவரும் இப்போது அண்ணன் ஆகியிருந்தார். "சீக்கிரம் திறங்க. அவ முகத்தைப் பார்க்கணும்."

கடைக்காரர் கம்பியைத் துடைத்தார். அதன் உறையில் போட்டார். உறையைப் பையில் போட்டார். பையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

மேலாளருக்குப் புரியவில்லை. வேறு கருவி எடுக்கக் கடைக்குப் போகிறாரா என்று கேட்டார். கூலியைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். எழுந்துவந்து பையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் அந்த எண்ணெய்க் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நேத்து வந்து இந்தப் பூட்டைத் திறந்து, உள்பாகத்தை மாத்தி, புதுச் சாவியை அம்மாகிட்ட கொடுத்தது நான்தான், அப்போ அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, வீட்டுக்காரர் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் திறக்கமாட்டீங்களேன்னு."